நுண்ணோக்கிப் படப்பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு பிரிவின் உழைப்பில் பெரும்பகுதி ஆண் மரவட்டைகளின் கோனோபாடுகளை, அதாவது விந்தைக் கடத்தும் உறுப்பாக மாறிய கால்களை, படமெடுப்பதில் சென்றது. ஓலைக் கூரைகளில் மொய்க்கும் செங்கோட்டு மரவட்டையான ஸெனோபோலஸ் கார்னிஃபெக்ஸை நிறம் பார்த்தே சொல்லிவிடலாம். பலவற்றை அப்படிச் சொல்ல முடியாது. உடலின் ஏழாவது வளையத்தில் உள்ள கோனோபாடுகளே இனத்துக்கு இனம் தெளிவாக வேறுபடுகின்றன. பெண்ணும் குஞ்சும் மட்டும் கிடைத்தால் பெரும்பாலும் பேரினத்தோடு நின்றுவிட வேண்டியதுதான்.

70–80 சதவீத எத்தனாலில் உள்ள மாதிரியிலிருந்து இடது கோனோபாடை மட்டும் கூர்முனை இடுக்கியால் எடுக்கிறோம். வலது உடலோடு இருக்கும். வெறும் எத்தனாலில் வைத்தால் திரவ ஓட்டத்தில் உறுப்பு அசைந்து, வெவ்வேறு குவியத்தில் எடுத்த பல படங்களை ஒன்றாக இணைக்கும் அடுக்குப்படம் பாழாகிறது. ஆகவே குழிவான கண்ணாடித் தட்டில் கைகழுவும் ஆல்கஹால் ஜெல் இட்டு, குமிழிகளை ஊசியால் ஒதுக்கி, அதில் உறுப்பைப் பதித்து, மேலே எத்தனால் ஊற்றுகிறோம்.

10 மடங்கு, 0.25 துளை எண் (ஒளி சேகரிக்கும் திறனின் அளவு) கொண்ட பொருளருகு லென்ஸின் குவிய ஆழம், அதாவது ஒரே படத்தில் தெளிவாகத் தெரியும் தடிமன், ஏறத்தாழ 9 மைக்ரான்தான். படத்துக்குப் படம் 5 மைக்ரான் நகர்த்த வேண்டும். அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு 100 படங்கள். கையால் திருகும்போது ஒரு படி தாண்டிவிட்டால் நடுவே மங்கிய பட்டை விழும். படங்களை இணைக்கும் கணினி முறைகளில், ஒன்றையொன்று குறுக்கிடும் மயிர்களுக்கு பிரமிட் முறையில் அடுக்குவது நல்லது. மற்றொன்றான ஆழவரைபட முறை மேற்பரப்பை அழகாகக் காட்டும். ஆனால் மயிர் ஓரங்களில் ஒளிவட்டம் விடும். அதை முள்ளென்று நம்பி வரைந்தால் இல்லாத உறுப்பொன்று விளக்கவுரையில் ஏறிவிடும். அதனால் இரு முறைப் படங்களையும் அருகருகே வைத்தே வரைகிறோம்.

அளவுகோல் விஷயத்தில் தளர்வு கூடாது. 1 மில்லிமீட்டரை 100 கூறிட்ட அளவுச் சில்லை, ஜூம் திருகைத் தொடாமல், ஒவ்வொரு அமர்விலும் படமெடுக்க வேண்டும்.

365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் மரவட்டையின் ஓடே ஒளிர்வதால் கண்கூசும் பளபளப்பு குறைந்து, மெல்லிய மடிப்புகளும் தெரிகின்றன. 420 நானோமீட்டர் வடிகட்டி இல்லாவிட்டால் படம் முழுதும் ஊதா படரும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

ஒரே ஆண் மாதிரி மட்டும் உள்ளபோது மின்னணு நுண்ணோக்கிக்காகத் தங்கம் பூசக் கூடாது என்பது பிரிவின் உறுதியான நிலைப்பாடு. 2015இல் ஸ்பெயினிலிருந்து விவரிக்கப்பட்ட ஒம்மாட்டோயூலஸ் அவதார் இனத்துக்கு மைக்ரோ சி.டி. (மாதிரியைச் சிதைக்காமல் எக்ஸ் கதிரால் படமெடுக்கும் முறை) முப்பரிமாணத் தரவும் சேர்த்தே வெளியிடப்பட்டது. அங்கும் மாதிரி பத்திரமாக இருக்கிறது. உயிரியல் பன்மயச் சட்டம் 2002, பிரிவு 39இன்படி புதிய இனத்தின் மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைத்தே ஆகவேண்டும்.

செலவு விவரம் பொருளாளர் அறிக்கையில் உள்ளது. குவிய நகர்வுக்கு மோட்டார் பொருத்த வரும் ஆண்டு நிதி ஒதுக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்