பரணைக் காலி செய்யும் அத்தைக்கு

அன்புள்ள அத்தைக்கு,

சேலம் குகைப் பகுதியில் இருக்கும் வீட்டைக் காலி பண்ணிவிட்டு மகளோடு அடுக்குமாடிக்குப் போகிறீர்கள். பரண் மேல் இருப்பதை என்ன செய்வதென்று கேட்டீர்கள். இதே பரண் நிறைய வீடுகளில் இருப்பதால் பதிலைப் பொதுவிலேயே வைக்கிறேன். பழைய சாமான்காரரைக் கூப்பிடுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் கீழே இறக்கி உலோகவாரியாகப் பிரித்து வையுங்கள். "மொத்தமா போட்டுக்கலாம்மா" என்றுதான் அவர் ஆரம்பிப்பார். மொத்தமாகப் போட்டால் வெண்கலமும் பித்தளை விலைக்குப் போய்விடும். தட்டிப் பார்த்தால் தெரியும்: வெண்கலப் பானை மணி மாதிரி நின்று ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். விரிசல் விட்ட வெண்கலம் மட்டும் கரகரக்கும், அதை வைத்துப் பித்தளை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கீழே விழுந்து நசுங்கிய தழும்பு இருந்தால் பித்தளை. வெண்கலம் நசுங்காது, உடையும்.

ரசம் வைக்கிற ஈயச் சொம்பைத் தனியாக எடுத்து வையுங்கள். நல்ல சொம்பு வெள்ளீயம். காரீயம் வேறு. பேச்சில் இரண்டுமே "ஈயம்"தான், அதனால் காரீய விலைக்குக் கேட்பார்கள். வெள்ளீயத்தின் விலையோ அதைப் போலப் பல மடங்கு. வெள்ளைத் தாளில் அடிப்பாகத்தைத் தேய்த்துப் பாருங்கள். பென்சில் போல அழுத்தமாகக் கோடு விழுந்தால் காரீயம் கலந்திருக்கிறது. அதில் இனி யாரும் ரசம் வைக்கக் கூடாது, வேலை செய்கிற பெண்ணுக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஓட்டை விழுந்த சொம்பு என்பதற்காக விலையைக் குறைக்கவும் வேண்டாம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் அடி போய்விடும். ஓட்டை இருந்தாலும் உலோகம் அதே உலோகம்தான்.

அடுத்தது கொலுசு. கொலுசுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு கொலுசில் ஏமாறுகிறவர்கள் அதிகம். வெள்ளிக் கடைகள் இருக்கும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்ப் பழசைக் கொடுத்துப் பேத்திக்குப் புதுசாக மாற்றிக்கொள்ளத் தோன்றும். மாற்றாதீர்கள், விற்றுவிடுங்கள். புதுசைத் தனியாக வாங்கலாம். மாற்றும்போது பழசுக்குக் கழிவு, புதுசுக்குச் சேதாரம், கூலி எல்லாம் ஒரே சீட்டில் கலந்துவிடும், எதில் எவ்வளவு போனதென்றே தெரியாது.

கொலுசு சுத்த வெள்ளி கிடையாது. கண்ணிகளை ஒட்டவைத்த பற்றில் வெள்ளி இன்னும் குறைவு. அதனால் பற்று அதிகமுள்ள சின்னக் கண்ணிக் கொலுசில் டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு, இறங்கும். முத்துக்குள் பல வருஷத்து அழுக்கும் இருக்கும். வெந்நீரில் சோப்புப் போட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, எடை போட்டுக் குறித்துக்கொண்டு போங்கள். மெஷினில் வைத்துப் பார்ப்பது மேற்பரப்பைத்தான் காட்டும். உங்கள் கண் முன்னால் உருக்கி, அந்தக் கட்டியில் டச் பார்ப்பதுதான் கணக்கு. உதாரணத்துக்கு, 200 கிராம் கொலுசு உருக்கியதும் 192 கிராம் கட்டியாகி, 75 டச் காட்டினால் சுத்த வெள்ளி 144 கிராம். அன்றைய சுத்த வெள்ளியின் ஒரு கிராம் விலையை 144-ஆல் பெருக்குங்கள். எத்தனை சதவீதம் கழிப்பார்கள் என்பதை உருக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். கட்டியான பிறகு பேரம் படியாது.

பட்டுப் புடவையில் மடிப்புக்கு மடிப்பு கிழிந்ததை வைத்திருந்து பயனில்லை. இனி தைத்தாலும் பக்கத்தில் கிழியும். விலை சரிகைக்குத்தான். ஓர் இழையை உருவி நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வெள்ளிச் சரிகை, செம்பு நிறம் என்றால் போலி. நெருப்பில் காட்டியதும் சுருண்டு உருகினால் வெறும் பிளாஸ்டிக். நல்ல நிலையில் இருக்கும் வெண்பட்டு வேட்டிகளை இந்தக் கும்பலில் சேர்க்காதீர்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் போதும். அந்துருண்டை சரிகையில் படக் கூடாது, கறுத்துவிடும்.

இன்வெர்ட்டர் பேட்டரியை ஆசிட்டோடு, நிமிர்ந்தபடியே, பேட்டரிக் கடைக்குக் கொடுங்கள். எடை குறையட்டும் என்று சாக்கடையில் ஊற்றிவிட வேண்டாம்.

ஆட்டுக்கல்லை யாரும் தூக்க மாட்டார்கள், கொல்லையிலேயே விட்டுப் போவீர்கள். விடுவதென்றால் குழியில் மணலை நிரப்பிவிட்டுப் போங்கள். ஒரு மழைத் தண்ணீர் பத்து நாள் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை அதிலேயே வளர்ந்துவிடும். வழவழப்பாகிவிட்டது, இனி ஆகாது என்று மட்டும் நினைக்காதீர்கள். கல் கொத்துகிறவர் வந்தால் பழையபடி அரைக்கும், கேட்கிறவர் இருந்தால் கொடுத்துவிடலாம்.

டிரங்குப் பெட்டி எடைக்குப் போகலாம். அதற்கு முன், அடியில் விரித்திருக்கும் செய்தித்தாளை எடுத்துப் பாருங்கள். மாமா காலத்து மூலப்பத்திரம், வரி ரசீது, அடகுச் சீட்டு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்