இரண்டாவது ஃபிளாஷில் ரேடியோ இல்லை: மாற்றித் தரக் கோரும் புகார்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,
கொழும்பு.

பொருள்: முகப்படப் பயிற்சிப் பொதியில் விளம்பரத்துக்கு மாறான ஃபிளாஷ் அனுப்பியமை

ஐயா / அம்மணி,

முகப்படம் எடுக்கப் பழகுவதற்கென்று நீங்கள் இணையத்தில் விற்ற பொதியை வாங்கினேன். இரண்டு ஃபிளாஷ், கமராவில் பூட்டி ஃபிளாஷுக்குக் கட்டளை அனுப்பும் ஒரு ட்ரிகர், வெளிச்சத்தை மென்மையாக்கும் சொஃப்ட்பொக்ஸ், வெள்ளைக் குடை, இரண்டு ஸ்டாண்ட், கூடவே தமிழில் வீடியோப் பாடங்கள். இரண்டு ஃபிளாஷும் 2.4 கிகாஹேர்ட்ஸ் ரேடியோவில் இயங்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். வந்த பெட்டியில் ஒன்றுக்குத்தான் ரேடியோ இருக்கிறது. மற்றது வேறு மொடல். இன்னொரு ஃபிளாஷ் மின்னுவதைக் கண்டால் மட்டும் தானும் மின்னுகிற வகை. முன்பக்கத்துச் சிவப்புக் கண்ணாடிக்குள் இருக்கும் உணரியைத் தவிர அதற்கு வேறு காது இல்லை.

நான் சின்ன ஸ்ரூடியோ ஒன்று நடத்துகிறேன். கடவுச்சீட்டு, அடையாள அட்டைப் படங்கள்தான் அன்றாட வேலை. அதற்கு இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெளிச்சம் அடித்து நிழலையே இல்லாமல் செய்துவிடுவோம். இப்போது கம்பஸ் முடித்து வெளியே வருகிற பிள்ளைகள் சுயவிபரக்கோவைக்குப் படம் கேட்டு வருகிறார்கள். ஃபோனில் மாதிரி காட்டி, "அண்ணா, இப்படி ஒரு பக்கம் நிழல் விழுந்து, தலைமயிர் தனியாகத் தெரியவேணும்" என்கிறார்கள். அந்த வேலையைப் பழகத்தான் உங்களிடம் வந்தேன்.

பாடங்களில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் ஆசிரியர் நிதானமாக, எங்களுக்கு விளங்குகிற தமிழில் சொல்லித் தருகிறார். முதலில் ஒரே ஒரு ஃபிளாஷ்: சொஃப்ட்பொக்ஸை முகத்துக்கு 45 பாகையில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே வைத்து, நிழல் விழும் பக்கத்துக் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு சிறிய வெளிச்ச முக்கோணம் வரும்வரை நகர்த்தச் சொல்கிறார். அது சரியாக வந்தது. கதிரையில் உட்கார்ந்திருந்த அண்ணாவின் மகளே கமராவின் திரையைப் பார்த்துவிட்டு எழும்ப மனமில்லாமல் இருந்தாள்.

சிக்கல் அடுத்த பாடத்தில். இரண்டாவது ஃபிளாஷை ஆளுக்குப் பின்னால், எதிர்ப்பக்கத்தில் வைத்து, தலைமயிரிலும் தோளிலும் ஒரு கோடு போல வெளிச்சம் விழச் செய்ய வேண்டும். ஆசிரியர் ட்ரிகரில் ஏ குழுவை, அதாவது முதல் ஃபிளாஷை, முழு வலுவின் 1/8 என்றும், பி குழுவை, அதாவது இரண்டாவதை, 1/32 என்றும் வைக்கிறார். ஒரு படம் எடுக்கிறார். பிறகு நின்ற இடத்திலேயே பி குழுவை 1/16 ஆக்கிவிட்டு, வித்தியாசத்தைப் பாருங்கள் என்கிறார். என்னுடைய ட்ரிகரின் திரையிலும் பி என்ற எழுத்து வருகிறது, இலக்கமும் மாறுகிறது. கேட்பதற்கு அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

வட்ஸ்அப்பில் முறையிட்டபோது, "அதுவும் ஒத்து அடிக்கும்தானே, எஸ்2 முறையில் போடுங்கள்" என்று பதில் வந்தது. உங்கள் சேவைப் பிரிவில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எஸ்2 என்பது, கமராவே வெளிச்சத்தை அளந்து ஃபிளாஷின் வலுவைத் தீர்மானிக்கும் ரீரீஎல் முறையில் அளவு பார்க்க முன்கூட்டியே வருகிற மின்னலை விட்டுவிட்டு, அடுத்ததற்கு அடிப்பதற்காக வைத்தது. உங்கள் பாடம் முழுவதும் மனுவல், வலுவை நாமே வைப்பது. மனுவலில் முன்மின்னல் கிடையாது, வருவது ஒரே ஒரு மின்னல். அதையும் விட்டுவிட்டால் இந்த ஃபிளாஷ் எதற்கு அடிக்கும்? முதல் மின்னலுக்கே அடிக்கிற எஸ்1தான் பொருத்தம். அதையும் போட்டுப் பார்த்தேன். வெள்ளைச் சுவர் உள்ள அறையில், வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்புவதால் அடிக்கிறது. பாடத்தில் உள்ளபடி கறுப்புத் துணி கட்டி, ஃபிளாஷை ஆளின் முதுகுக்குப் பின்னால் மறைத்தால் ஒரு தரம் அடிக்கும், மறுதரம் சும்மா இருக்கும். கோட்டைப் பக்கம் கொண்டுபோனால், பின்னேர வெயிலில் சிவப்புக் கண்ணாடிக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

கலியாண மண்டபத்தில் இதற்கு நேர்மாறு. பக்கத்தில் நிற்கிற மற்றப் படப்பிடிப்பாளரின் ஃபிளாஷுக்கெல்லாம் இதுவும் சேர்ந்து அடிக்கிறது. அவர் படமும் கெடுகிறது, என் பற்றரியும் இறங்குகிறது. அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

"ஸ்டாண்டைத் தள்ளி வைத்து வெளிச்சத்தைக் குறைக்கலாமே" என்றும் சொன்னார்கள். ஒரு மீற்றரில் நிற்கும் ஃபிளாஷை 2 மீற்றருக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாக அல்ல, காற்பங்காகக் குறையும். அதோடு அது விழும் கோணமும் பரவலும் மாறிவிடும். மற்ற எதையும் அசைக்காமல் இரண்டு வெளிச்சத்துக்கும் இடையிலான விகிதத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் அந்தப் பாடமே. ஒவ்வொரு தடவையும் கமராவை வைத்துவிட்டு, துணிக்குப் பின்னால் போய் பொத்தானை அமத்திவிட்டு வருவதற்குள் உட்கார்ந்திருக்கிற பிள்ளை தலையைத் திருப்பிவிடும். பிறகு எதை எதோடு ஒப்பிடுவது?

குடை பூட்டுகிற பிடியின் திருகும் வழுக்குகிறது. அதை நானே பார்த்துக்கொள்வேன், அதற்காக இந்தக் கடிதம் இல்லை.

கடைசியாக, பொருளை நேரில் கொழும்புக்குக் கொண்டு வரும்படி சொன்னீர்கள். இங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். விளம்பரத்தில் "நாடு முழுவதும் வீட்டுக்கே அனுப்புவோம்" என்று போட்டவர்கள், பிழையான பொருளையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். பற்றுச்சீட்டின் அடியில் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று அச்சடித்திருப்பதையும் சுட்டிக்காட்டினீர்கள். வாங்கியவர் மனம் மாறினால் அதைச் சொல்லுங்கள். இங்கே மாறியது என் மனம் அல்ல, நீங்கள் அனுப்பிய பொருள்.

ஆகவே முதல் ஃபிளாஷைப் போலவே ரேடியோ உள்ள ஒன்றை, உங்கள் கூரியர் செலவில் மாற்றித் தாருங்கள். அப்படி ஒன்று கையிருப்பில் இல்லையென்றால் பொதி முழுவதையும் எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள். ஒரு பகுதிப் பணத்தைக் கழித்துத் தருகிறோம் என்ற பேச்சு வேண்டாம். ஒற்றை ஃபிளாஷோடு எனக்கு இந்தப் பொதியால் பயன் இல்லை. மாற்றித் தருவதானால், இந்த இழுபறியில் போன நாட்களுக்கு ஈடாகப் பாடங்களைப் பார்க்கும் காலத்தையும் நீட்டித் தர வேண்டும்.

பதிலை எழுத்தில் தாருங்கள். தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் வேறொருவருக்கு முதலிலிருந்து கதை சொல்ல என்னால் முடியாது. இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் இதே கடிதத்தையும் இணைப்புகளையும் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, இரண்டு ஃபிளாஷின் மொடல் இலக்கமும் தெரியும் படம், வட்ஸ்அப் உரையாடல்.