கேமராவைப் பிடித்திருப்பவருக்கும் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

திகில் திரைப்படங்களைப் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அதில் ஃபவுண்ட் ஃபுட்டேஜ் வகைக்குக் கிடைத்த இடம் இரண்டே பத்திகள். காணாமற்போனவர்களோ இறந்தவர்களோ விட்டுச்சென்ற ஒளிப்பதிவு பிறகு கண்டெடுக்கப்பட்டது என்ற பாவனையில் எடுக்கப்படும் இப்படங்கள், செலவைக் குறைக்க வந்த ஓர் உத்தி மட்டுமே என்கிறார் கட்டுரையாளர். எந்தக் காட்சியையும் கணினியில் உருவாக்கிவிடலாம் என்பது சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்ட இக்காலத்தில் அந்தப் பாவனையை நம்ப ஆளில்லை, ஆகவே இவ்வகையின் காலம் முடிந்துவிட்டது என்றும் அவர் தீர்ப்பளித்திருக்கிறார். இவ்வகைப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்துவரும் வாசகர் என்ற முறையில், இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

நம்பிக்கை என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். டேனியல் மைரிக், எடுவார்டோ சான்செஸ் இருவரும் இயக்கிய ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ 1999-இல் வெளிவந்தபோது, அதில் நடித்த மூவரும் மேரிலாந்துக் காடுகளில் உண்மையிலேயே தொலைந்துபோனவர்கள் என்று பலர் நம்பினர். காணவில்லை என்ற சுவரொட்டிகளும், கற்பனையான காவல்துறை அறிக்கைகளைத் தாங்கிய இணையதளமும் அந்த நம்பிக்கையை வளர்த்தன. ஆனால் அந்த மாயம் வெகுநாள் நீடிக்கவில்லை. நடிகர்கள் நலமாக இருக்கும் செய்தி விரைவிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதன் பிறகும் கால் நூற்றாண்டுக் காலமாக, எல்லாம் நடிப்பே என்று நன்கறிந்தவர்கள் அப்படத்தைப் பார்த்து அஞ்சிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1992 அக்டோபர் 31 அன்று பி.பி.சி. ஒளிபரப்பிய ‘கோஸ்ட்வாட்ச்’, முன்பே பதிவுசெய்யப்பட்ட நாடகமாக இருந்தும், பேய் நடமாடும் வீடு ஒன்றிலிருந்து வரும் நேரலை போலக் காட்டப்பட்டதால் பார்வையாளர்களைப் பதறவைத்தது. உண்மை தெரிந்த பிறகு அதைப் பார்க்கிறவரும், படுக்கையறைத் திரைச்சீலையின் ஓரத்தில் ஒரு கணமே நிற்கும் உருவம் கண்ணில் பட்டதும் உடல் சிலிர்க்கத்தான் செய்கிறார். 1897-இல் ப்ராம் ஸ்டோக்கர் தமது ‘டிராகுலா’வை நாட்குறிப்புகள், கடிதங்கள், செய்தித்தாள் நறுக்குகள், ஃபோனோகிராஃப் பதிவுகள் ஆகியவற்றின் தொகுப்பாக எழுதினார். அவற்றை உண்மை ஆவணங்கள் என்று நம்பியா வாசகர்கள் நடுங்கினார்கள்?

இப்படங்களின் ஈர்ப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. வழக்கமான பேய்ப்படத்தில் கேமராவுக்கு எல்லாம் தெரியும். கதாபாத்திரம் அறைக்குள் நுழையும் முன்பே அது உள்ளே சென்று காத்திருக்கும். ஆபத்து எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்குச் சற்று முன்பாகவே திரும்பும். பின்னணி இசை நம்மை எச்சரிக்கும். எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதைப் படத்தொகுப்பு முடிவுசெய்யும். நாம் பயப்படும் நேரத்திலும், கதையை முழுதும் அறிந்த ஒருவர் நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறார் என்ற பாதுகாப்பு உள்ளூர இருந்துகொண்டே இருக்கிறது. ஃபவுண்ட் ஃபுட்டேஜ் அந்தக் கையை விலக்கிவிடுகிறது. கேமராவைப் பிடித்திருப்பவர் நம்மைப் போலவே ஒன்றும் அறியாதவர். தவறான பக்கம் திரும்புவார், முக்கியமானதைத் தவறவிடுவார், பயத்தில் தரையைப் படம்பிடிப்பார். ஆகவே தேடும் வேலை முழுவதும் நம் தலையில் விழுகிறது.

ஓரன் பெலி தமது சொந்த வீட்டிலேயே எடுத்த ‘பாரநார்மல் ஆக்டிவிட்டி’யை இதற்குச் சிறந்த சான்றாகச் சொல்வேன். படுக்கையறையின் மூலையில் முக்காலியின் மீது ஒரு கேமரா அசையாமல் நிற்கிறது. கட்டிலில் இருவர் உறங்குகிறார்கள். இடப்பக்கம் திறந்த கதவு, அதற்கப்பால் இருட்டு. திரையின் கீழ் மூலையில் நேரம் ஓடுகிறது. கதவு சில அங்குலங்கள் அசைவதற்காக, ஒரு போர்வை விலகுவதற்காக, அந்த மாறாத சட்டகத்தின் ஒவ்வொரு மூலையையும் பார்வையாளர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு துழாவுகிறார்கள். ஓர் இரவில் அந்தப் பெண் எழுந்து, கட்டிலருகே நின்று, உறங்கும் துணைவனைப் பார்க்கத் தொடங்குகிறாள். அவள் வேறு எதுவும் செய்வதில்லை. மூலையிலுள்ள எண்கள் மட்டும் வேகமாக ஓடுகின்றன, அவள் மணிக்கணக்காக அப்படியே நிற்கிறாள் என்பதை அந்த எண்களே நமக்குச் சொல்கின்றன. நேரக் குறிப்பைக் கொண்டே குலைநடுங்க வைத்த அந்தக் காட்சியைச் செலவுக் கணக்கால் விளக்கிவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. அதே வரிசையில் 2011-இல் வந்த மூன்றாம் படத்தில், இடமும் வலமுமாகத் திரும்பும் மின்விசிறியின் அடிப்பாகத்தில் கேமராவைப் பொருத்தியிருப்பார்கள். கேமரா ஒரு பக்கத்திலிருந்து மெல்ல விலகும்போது, அங்கே இப்போது என்ன நடக்கிறது என்று தவிப்பதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. திரும்பு என்று கெஞ்சினாலும் அந்த இயந்திரம் தன் வேகத்தில்தான் திரும்பும்.

ஒலியைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். பின்னணி இசை இல்லாத இடத்தில் காது கூர்மையாகிறது. ‘பிளேர் விட்ச்’சில் கூடாரத்துக்கு வெளியே கேட்கும் ஒலிகளின்போது திரையில் பெரும்பாலும் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை, ஆனால் அந்த இருட்டை நிரப்பிக்கொள்ள நம் மனத்துக்கு எவருடைய உதவியும் தேவைப்படுவதில்லை.

இவ்வளவு ஆபத்திலும் கேமராவைக் கீழே போட்டுவிட்டு ஏன் ஓடவில்லை என்ற கேள்வியைக் கட்டுரையாளர் குறையாகக் குறிப்பிட்டிருந்தார். நல்ல கேள்விதான், நல்ல படங்கள் அதற்கு விடை வைத்திருக்கின்றன. கேமரா வழியாகப் பார்க்கும்போது எதுவும் முழு உண்மையாகத் தெரிவதில்லை, அதனால்தான் நீ அதை விடாமல் பிடித்திருக்கிறாய் என்ற பொருளில் ‘பிளேர் விட்ச்’சில் காட்டில் தொலைந்த மூவரில் ஒருவன், படமெடுத்துக்கொண்டே இருக்கும் தோழியிடம் சொல்வான். தாங்க முடியாததற்கும் தனக்கும் நடுவே அவள் வைத்துக்கொண்ட தடுப்பு அது. அச்சம் ஏற ஏற அவள் அதை இறுகப் பற்றுவதில் எனக்கு எந்த முரணும் தெரியவில்லை. ஜௌமே பாலகுவேரோவும் பாகோ பிளாசாவும் இயக்கிய ‘ரெக்’ என்ற ஸ்பானியப் படத்தில், பூட்டப்பட்ட கட்டடத்துக்குள் சிக்கிய தொலைக்காட்சி நிருபருக்கு எல்லாவற்றையும் பதிவுசெய்வது தொழில், உள்ளே நடப்பதற்கு அதுவே ஒரே சாட்சி. இறுதியில் விளக்குகள் அணைந்தபின், கேமராவின் இரவுப்பார்வை வசதியே அவர்களுக்கு மிஞ்சிய ஒரே கண்ணாகிவிடுகிறது. இந்தக் கேள்விக்கு விடை தேடாத படங்கள், யாருமே கையில் பிடித்திருக்க முடியாத கோணத்தில் காட்சி வைக்கும் படங்கள், நடுவில் இசையைத் திருட்டுத்தனமாக நுழைக்கும் படங்கள் ஏராளம் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவை அந்தந்த இயக்குநர்களின் சோம்பலைக் காட்டுகின்றன.

கட்டுரையில் இடம்பெறாமல் போனதற்காக நான் மிகவும் வருந்திய படம் ‘லேக் மங்கோ’. ஜோயல் ஆண்டர்சன் 2008-இல் எடுத்த இந்த ஆஸ்திரேலியப் படத்தில், நீரில் மூழ்கி இறந்த மகளின் தடயங்களை ஒரு குடும்பம் புகைப்படங்களிலும் வீட்டுக் காணொளிகளிலும் கைப்பேசிப் பதிவிலும் தேடுகிறது. அந்தக் குடும்பத்தாரின் துயரமே படத்தின் உள்ளடக்கம். பேய் அதன் ஒரு பகுதி மட்டுமே. இவ்வகையின் ஆழம் இங்கேதான் இருப்பதாக நான் கருதுகிறேன். கண்டெடுக்கப்பட்ட பதிவு என்றாலே, எடுத்தவர் திரும்பி வரவில்லை என்று பொருள். எனவே முதல் காட்சியில் அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு பயணத்துக்குப் பொருள்களை அடுக்கும்போதே நாம் அவர்களை இழந்துவிட்ட நிலையில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இறந்துபோன ஒருவரின் குரலைப் பழைய பதிவில் கேட்டிருக்கும் எவருக்கும் இந்த உணர்வு புதிதன்று. ஜப்பானில் கோஜி ஷிராயிஷி 2005-இல் எடுத்த ‘நோரோய்’ படமும், மறைந்துபோன ஆவணப்பட இயக்குநர் ஒருவர் விட்டுச்சென்ற நாடாக்களின் வழியாக இதே இழப்பை நிதானமாகக் கட்டியெழுப்புகிறது.

செலவு குறைவு என்பது உண்மை. சுமார் 15,000 டாலரில் எடுக்கப்பட்ட ‘பாரநார்மல் ஆக்டிவிட்டி’ 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததும், அந்த ஆசையில் நூற்றுக்கணக்கானோர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் உண்மை. ஆனால் பணத்தைப் பற்றிப் பேசுவதானால், உண்மைத்தன்மைக்காக மற்றவர்கள் கொடுத்த விலையையும் பேசியிருக்க வேண்டும். 1980-இல் வந்த ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ என்ற இத்தாலியப் படத்துக்காக விலங்குகள் உண்மையாகவே கொல்லப்பட்டன. நடிகர்களையே கொன்றுவிட்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்ததால், அவர்கள் உயிரோடு இருப்பதை இயக்குநர் ருஜ்ஜேரோ தியோதாட்டோ நிரூபிக்க வேண்டியிருந்தது பலருக்குத் தெரிந்த கதை, விலங்குகளுக்காக வருந்துவோர் குறைவு. ‘பிளேர் விட்ச்’ உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி டாலர் ஈட்டியது. தங்கள் சொந்தப் பெயர்களிலேயே நடித்து, கேமராவையும் தாங்களே இயக்கி, வசனங்களையும் பெரும்பாலும் தாங்களே பேசி உருவாக்கிய அந்த மூவரும் உரிய பங்கைக் கேட்டு 2024-இல் பகிரங்கமாகக் கோரிக்கை விடுக்க நேர்ந்தது. இவ்வகையை நேசிப்பவர்கள் இதைப் பற்றிப் பேசாமல் இருப்பது முறையாகாது.

இவ்வகையின் காலம் முடிந்துவிட்டது என்ற முடிவுக்கும் சான்று இல்லை. வீட்டுக் காணொளிக் கேமராவின் மங்கலான வண்ணமும், கண்காணிப்புக் கேமராவின் உயரக் கோணமும், மடிக்கணினித் திரையும் அடுத்தடுத்து இவ்வகைக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன. பெருந்தொற்று ஊரடங்கின்போது ராப் சாவேஜ் இயக்கிய ‘ஹோஸ்ட்’ (2020) முழுவதும் ஒரு ஜூம் அழைப்பாகவே நடக்கிறது. நடிகர்கள் அவரவர் வீட்டில் தாங்களே கேமராவையும் விளக்கையும் அமைத்துக்கொள்ள, இயக்குநர் தொலைவிலிருந்தே இயக்கினார். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான அந்தப் படம், அன்றாடம் நாம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த சிறு கட்டங்களையே அச்சத்துக்குரியவையாக மாற்றியது. போலிக் காட்சிகள் பெருகும் காலத்தில், ஒரு பதிவை யார் எடுத்தார், ஏன் எடுத்தார், சட்டகத்துக்கு வெளியே என்ன இருந்தது என்ற கேள்விகள் முன்னைவிடக் கூர்மையாகின்றன. இவ்வகைப் படங்கள் தொடக்கம் முதலே கேட்டுவரும் கேள்விகள் அவை.

இப்படங்களின் ஒலியமைப்பாளர்களும் படத்தொகுப்பாளர்களும் தங்கள் வேலையின் தடம் தெரியாதபடி எப்படிப் பணியாற்றுகிறார்கள் என்பதைப் பற்றியும், ஸ்பெயின், ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த படங்களைப் பற்றியும் விரிவான கட்டுரை ஒன்றைத் தங்கள் இதழ் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதை முந்தைய கட்டுரையாளரே எழுதினாலும் மகிழ்வேன். ஒருமுறை ‘லேக் மங்கோ’வைப் பார்த்துவிட்டு அவர் எழுதத் தொடங்க வேண்டும் என்பது மட்டுமே என் விருப்பம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்