ராத்திரி தூங்கினாயா?

தர்மபுரி,
ஞாயிறு காலை.

அன்புள்ள ஓசூர்க்காரிக்கு,

உன் கடைசிச் சேதிக்கு வெறும் கட்டைவிரலை அனுப்பிவிட்டு இரண்டு மாதம் சும்மா இருந்திருக்கிறேன். கோபமாகத்தான் இருப்பாய். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள், பரவாயில்லை, ஆனால் இதைக் கடைசிவரை படி. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். சின்னவள் பத்தாம் வகுப்பு. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

கல்லூரியில் ஒன்று நடந்தது. நான் மென்டாராக இருந்து பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் பட்டியலில் இருக்கும் இரண்டாம் வருடப் பொண்ணு. பேரும் ஊரும் உனக்குக்கூடச் சொல்ல மாட்டேன். எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "பேர் மட்டும் வேண்டாம் மேடம்" என்றாள். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை. இங்கே பாட்டியோடு இருக்கிறாள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். முதல் வருடம் முழுக்க முன் பெஞ்சு, இந்த வருடம் கடைசி பெஞ்சு, அப்புறம் அதுவும் காலி. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே வரிசையாக 'ஆ', 'ஆ' என்றே இருந்தது.

ஒருநாள் வந்தவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நீயும் நானும் நம் டீச்சர்களிடம் கேட்டுக் கேட்டு வளர்ந்த அதே பேச்சைத்தான் பேசினேன். நல்லாப் படிக்கிற பொண்ணு, அப்பா அம்மா வெயிலில் கல் சுமக்கிறார்கள், மனசைத் தைரியமா வெச்சுக்கோ. "சரி மேடம்" என்று எழுந்து போனாள். அடுத்த ஒன்பது நாள் வரவில்லை. அந்த 'சரி மேடம்' இன்னும் என்னைக் குத்துகிறது.

எங்கள் கல்லூரியில் கவுன்சிலிங் ரூம் இருக்கிறது. ஆபீஸுக்கு நேர் எதிரே, சிவப்பு எழுத்தில் போர்டு மாட்டி. கட்டணம் கட்ட நிற்கும் வரிசை முழுக்க அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். எந்தப் பிள்ளை அதற்குள் நுழையும்? "உள்ளே போனா பைத்தியம்னு பேர் வெச்சிருவாங்க மேடம்" என்று அவள்தான் பிற்பாடு சொன்னாள்.

பத்தாம் நாள் சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இந்த முறை படிப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. "ராத்திரி தூங்கினியா?" என்று மட்டும் கேட்டேன். பையின் ஜிப்பில் பிரிந்திருந்த நூலை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். அவள் ஊர் பஸ் வந்தது, போனது. இரண்டாவது பஸ்ஸும் போன பிறகு, "மூணு மணிக்கே முழிப்பு வந்துருது மேடம். அப்புறம் விடியவே மாட்டேங்குது" என்றாள்.

பயிற்சியில் எங்களுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சாவு எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாக ஆகிவிடாது. கேட்டால் பெரும்பாலும் அவர்களுக்குப் பாரம்தான் குறையும் என்று. ஏட்டில் படிக்கச் சுலபம். அந்த பெஞ்சில் என் நாக்கு வறண்டுவிட்டது. ஆனாலும் கேட்டேன். "செத்துப் போயிடலாம்னு தோணுதா கண்ணு?" ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது, அவளுக்கு.

அங்கிருந்தே 14416க்கு போன் செய்தேன். டெலி மனாஸ், அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அவளோடு ரொம்ப நேரம் பேசினார்கள். தனியாக விடாதீர்கள் என்று என்னிடம் சொன்னார்கள். அவள் சித்தியை வரவழைத்து இரண்டு பேரையும் என் வீட்டிலேயே தங்க வைத்தேன். மறுநாள் காலை நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல ஓபி. டாக்டர் முதலில் அவளிடம் தனியாகப் பேசினார், எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்.

பெங்களூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து அம்மா வந்துவிட்டார். முந்தானையில் மந்திரித்த எலுமிச்சம்பழம், கையில் கறுப்புக் கயிறு. டாக்டர் திட்டுவாரோ என்று எனக்குப் பயம். அவரோ, "கயிறு இருக்கட்டும்மா, கூடவே மாத்திரையும் இருக்கட்டும்" என்றார். இது தூக்க மாத்திரை இல்லை, குணம் தெரிய இரண்டு, நாலு வாரம்கூட ஆகும், நல்லாயிருக்கு என்று தோன்றியதும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். வெளியே வந்து அந்தப் பொண்ணு ஒரு பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துத் தின்றாள். பாதிதான் தின்றாள். அவள் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஆறு வாரம் ஆகிறது. அஞ்சு மணி வரை தூங்குகிறாளாம். கடைசி பெஞ்சுதான், ஆனால் வருகிறாள்.

நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் எந்தக் கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையாவது வைத்தாக வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்களிடம் படிப்பவர்கள் ஆயிரத்துக்கும் மேல். இருப்பது ஐந்து நாள் பயிற்சி எடுத்த நானும் ஒரு மென்டார் நோட்டும். அந்த நோட்டையும், கல்லூரிக்குத் தரம் போடும் 'நாக்' குழு வரும் வாரத்தில்தான் தேடுகிறார்கள். கல்லூரி முதல்வர் அறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். கவுன்சிலிங் ரூம் இப்போது நூலகத்துக்குப் பின்னால் போயிருக்கிறது, போர்டு கிடையாது. ஆள் இன்னும் போடவில்லை. நான் விடுவதாக இல்லை.

அன்று ராத்திரி அந்தப் பொண்ணு என் வீட்டுக் கூடத்தில் படுத்திருக்க, எனக்கு நம் ஹாஸ்டல் பதினொன்றாம் நம்பர்காரி ஞாபகம்தான். அவள் நோட்டை வாங்கிக் காப்பியடித்தோம், அவள் அம்மா கொடுத்தனுப்பிய நிலக்கடலை உருண்டையைத் தின்றோம். சாப்பிடாமல் தட்டைத் தள்ளியதை ஒரு மாதம் பார்த்தோம். ஏன் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் தடவை அவள் பிழைத்தபோது வார்டன் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? போலீஸ் கேஸ் ஆகிவிடும், யாரும் மூச்சு விடக் கூடாது. 2017 மனநலச் சட்டம் வந்த பிறகு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்று இருக்கிறது. நம் காலத்தில் அது இல்லையடி. அவள் மறுபடி ஹாஸ்டலுக்கு வந்தபோது நாம் அவளோடு கேரம் ஆடினோம், அவ்வளவுதான் செய்தோம்.

அதனால்தான் உன் சேதியை மறுபடி தேடி எடுத்துப் படித்தேன். "பையன் கோயம்புத்தூரிலிருந்து வந்தால் ரூமை விட்டு வெளியே வருவதில்லை, சோறும் இறங்கவில்லை, எல்லாம் அந்த போனால்தான்" என்று எழுதியிருந்தாய். அதற்குத்தான் நான் கட்டைவிரல் காட்டியிருக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

போனாகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அரியரைப் பற்றிப் பேச்சை ஆரம்பிக்காதே. அவன் அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே, அவருக்கு உடனே அறிவுரை வந்துவிடும். தோசை ஊற்றும்போது கேள், வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேள், தூங்கினாயா என்று கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு. உனக்கு அதுதான் கஷ்டம், தெரியும். அவன் ஏதாவது சொன்னால் "இதுக்குப் போயா" என்று மட்டும் சொல்லிவிடாதே.

சனிக்கிழமை மத்தியானம் கிருஷ்ணகிரி வழியாக பஸ் பிடித்து உன் வீட்டுக்கு வருகிறேன். ராகி மாவும் கொள்ளும் எடுத்து வைத்தாயிற்று. அவன் இந்த வாரம் ஊருக்கு வருகிறானா என்று மட்டும் உடனே எழுது. வரவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் கோயம்புத்தூர் போகலாம்.

உன்
தர்மபுரிக்காரி