செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, குடியிருப்போர் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு இந்த ஆண்டும் மாதம் தவறாமல் கூடியது. பொங்கல் விழா, சாக்கடை தூர்வாருதல் எல்லாம் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, அரையாண்டு விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கு வைத்த சூரிய மின்சார வடிவமைப்புப் போட்டியைப் பற்றித்தான்.

போட்டிக்கு முன்பு, பக்கத்தில் இருக்கும் ஓடந்துறைக்கு அவர்களை அழைத்துப் போனோம். தண்ணீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கட்டும் மின்கட்டணத்தைச் சமாளிக்க, 2006-இல் அந்த ஊராட்சி உடுமலை அருகே மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. விலை சுமார் 1.55 கோடி ரூபாய். கையிருப்புப் போக மீதிக்கு வங்கிக்கடன். "காற்றாலை யார் பேரில் இருக்கிறது?" என்று ஒரு பையன் கேட்டான். ஊராட்சியின் பேரில், அதாவது ஊர் மொத்தத்துக்கும். போட்டியின் போக்கையே அந்தக் கேள்வி மாற்றியது என்பேன். வீட்டுக்கு வீடு பேனல் என்று எழுதி வைத்திருந்தவர்கள், சமுதாயக் கூடத்து மாடியைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சொந்த மாடி கிடையாது. பொதுக் கட்டணம் குறைந்தால் அவர்களுக்கும் பலன் உண்டு.

தேர்வான யோசனை இது. நம் 5 குதிரைத்திறன் தண்ணீர் மோட்டாரை விடியற்காலையில் ஓட்டுவதை விட்டுவிட்டு, உச்சிவெயிலில் ஓட்ட வேண்டும். பேட்டரியே வேண்டாம், மேல்நிலைத் தொட்டிதான் பேட்டரி! 5 கிலோவாட் பேனல்கள் நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 20 யூனிட் தரும். இரண்டு மணி நேரம் மோட்டார் ஓட 10 யூனிட்டுக்குள் போதும். மீதி தெருவிளக்குக் கணக்கில் கழியும்.

அப்புறம், நிழல். போன சித்திரையில் கூடத்து மாடியை அளக்க வந்த பேனல் நிறுவனம், அங்குள்ள தொட்டிக்கு வடக்கே ஒட்டிப் பேனல் வரைந்து கொடுத்திருந்தது. சித்திரை மதியத்தில் நிழல் காலடியிலேயே கிடக்கும், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மார்கழியில் மூன்று நாள் மாடியில் உட்கார்ந்து மணிக்கொரு கோடு போட்டாள். பத்தடித் தொட்டியின் நிழல், நண்பகலிலேயே ஏழடி வடக்கே நீண்டது. பேனல்கள் வரிசையாகக் கோத்தவை. ஒன்றில் நிழல் விழுந்தாலும் வரிசை முழுக்க மின்சாரம் இறங்கிவிடும். ஆகவே எல்லாவற்றையும் தொட்டிக்குத் தெற்கே மாற்றி வரைந்தாள். அந்தப் படத்தைத்தான் குழு ஏற்றுக்கொண்டது.

சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குப் மாடிப் பேனல்களுக்கான மத்திய அரசின் பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. நமக்கு 90,000 வரை கிடைக்கலாம். மீதியைப் பொது நிதியிலிருந்து எடுக்க உங்கள் ஒப்புதல் வேண்டும். தூசி படிந்தால் உற்பத்தி குறையும். பேனல் கழுவும் முறையைத் தெருவாரியாகப் பிரித்துப் பட்டியலும் பிள்ளைகளே போட்டுவிட்டார்கள்.

அந்த மாணவி போட்ட நிழல் கோடுகளின் மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறோம். மாடி திறந்துதான் இருக்கிறது, தீர்மானத்துக்குக் கை தூக்கும் முன் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்