லண்டனில் கார் ஓடப்போகும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சித்திரை கழிந்தால் எங்கள் கடைக்கு லண்டன் ரிக்கற் எடுக்க வருகிறவர்கள் கூடுவார்கள். பேரப்பிள்ளையின் முதலாவது பிறந்தநாள், பெறாமகளின் சாமத்திய வீடு என்று ஆளுக்கொரு காரணம். ரிக்கற்றைக் கையில் கொடுக்கும்போது இப்போது ஒரு கேள்வியும் கேட்கிறோம்: "அங்க போய் கார் ஓடுவீங்களோ?" ஓம் என்றால் இந்த மடல் உங்களுக்குத்தான்.

போன வருடம் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், மானிப்பாய்ப் பக்கத்து ஐயா, மில்ற்றன் கீன்ஸில் இருக்கும் மகனின் பழைய டீசல் வானை எடுத்துக்கொண்டு ஹரோவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனார். இரவு சாப்பாடு முடிந்து, சொந்தக்காரரை வெம்பிளியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. வழியில் ஒருவரும் மறிக்கவில்லை. ஐயாவும் சந்தோசமாக ஊர் வந்து சேர்ந்தார். அதன் பிறகுதான் மகன் வீட்டுக்கு இரண்டு கடிதங்கள் போயின. பழைய வானை லண்டனின் புகை வலயத்துக்குள் ஓடிவிட்டுக் கட்டணம் கட்டாததற்கு ஒவ்வொன்றிலும் 180 பவுண் தண்டம். 14 நாளுக்குள் கட்டினால் பாதி என்பதால் மகன் ஓடிப்போய்க் கட்டினார், அப்படியும் மொத்தம் 180 பவுண். நேரத்துக்குக் கட்டியிருந்தால் 25 பவுணோடு முடிந்திருக்கும். "ரிக்கற் தரேக்க ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார் ஐயா. அவர் கேட்டது நியாயம். அதனால்தான் எழுதுகிறோம்.

லண்டனில் 'யூலெஸ்' என்று சொல்லும் குறைந்த புகை வலயம் 2019 ஏப்ரலில் நகரத்தின் நடுப்பகுதியில் தொடங்கியது. 2021 ஒக்டோபரில் வடக்கு, தெற்குச் சுற்றுவீதிகள் வரை விரிந்தது. 2023 ஓகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா உள்ளூராட்சிப் பகுதிகளும் அதற்குள் வந்துவிட்டன. எங்கள் சனம் நிறைந்த ஈஸ்ட்ஹாம், ரூட்டிங், ஹரோ, குறொய்டன் எல்லாம் உள்ளேதான். ஹீத்ரோ விமான நிலையமும் உள்ளே. ஆகவே வெளியூரில் இருக்கும் பிள்ளை உங்களை ஏற்ற வரும்போதே கணக்குத் தொடங்கிவிடும். லண்டனைச் சுற்றிப் போகும் எம் 25 நெடுஞ்சாலையில் மட்டும் ஓடினால் காசு இல்லை.

விதிக்குப் பொருந்தாத வாகனத்துக்கு நாளுக்கு 12.50 பவுண். நத்தார் தினத்தைத் தவிர வருடம் முழுக்க, 24 மணி நேரமும். ஒரு நாள் என்பது நள்ளிரவில் இருந்து அடுத்த நள்ளிரவு வரை. ஐயா இரண்டு நாள் கணக்கில் மாட்டியது இதனால்தான். படலையோ சாவடியோ கிடையாது, கமரா நம்பர் பிளேட்டைப் படித்துவிடும். ஓடிய நாளுக்குப் பிறகு மூன்றாம் நாள் நள்ளிரவுக்குள் ஒன்லைனில் கட்டலாம், முன்கூட்டியும் கட்டலாம். வாகனம் வலயத்துக்குள் சும்மா நிற்கும் நாளுக்குக் காசு இல்லை.

எந்த வாகனம் பொருந்தும்? பெற்றோல் கார் யூரோ 4 என்ற ஐரோப்பியப் புகைத் தரத்தில் இருக்க வேண்டும், பெரும்பாலும் 2006 முதல் பதிந்தவை. டீசல் என்றால் யூரோ 6, பெரும்பாலும் 2015 செப்டெம்பர் முதல் பதிந்தவை. நம்பர் பிளேட்டிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. இரண்டு எழுத்துக்குப் பின் வரும் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 15 என்றால் 2015 மார்ச் முதல் ஓகஸ்ட் வரை. 65 என்றால் அந்த வருடம் செப்டெம்பர் முதல் அடுத்த பெப்ரவரி வரை. பிறகு 16, 66, 17 என்று போகும். டீசல் காரில் 15 இருந்தால் யோசியுங்கள். ஆனால் இதை மட்டும் நம்ப வேண்டாம், விருப்ப நம்பர் போட்ட கார்களும் உண்டு. லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையத்தளத்தில் நம்பரைக் கொடுத்தால் உடனே பதில் வரும். அதே மாதிரித் தோற்றத்தில் கூடுதல் காசு பிடுங்கும் தனியார் தளங்களும் இருக்கின்றன, கவனம்.

எங்கள் ஊரில் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் எடுத்துத்தான் வாகன வரிப்பத்திரம் புதுப்பிக்கிறோம். அதனால் சிலர், "நல்லாப் பராமரிச்ச வண்டி, புகையே வராது" என்கிறார்கள். அங்கே அது செல்லாது. எஞ்சின் எந்தத் தரத்துக்குச் செய்யப்பட்டது என்பதுதான் கணக்கு. பழைய டீசலில் இருந்து வரும் நைதரசன் ஈரொட்சைட்டு கண்ணுக்குத் தெரியும் கரும்புகை அல்ல. தெற்குச் சுற்றுவீதிக்குக் கிட்ட வாழ்ந்த 'எல்லா' என்ற 9 வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். வளி மாசும் அவளுடைய மரணத்துக்கு ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். நாங்களும் பிள்ளை குட்டி உள்ளவர்கள். அந்த 12.50 பவுணை வீண் காசு என்று எங்களுக்குச் சொல்ல மனம் வரவில்லை.

நகர நடுவுக்குப் போனால் நெரிசல் கட்டணம் வேறு. அது 2026 ஜனவரி 2 முதல் நாளுக்கு 18 பவுண். புத்தம்புது வாடகைக் கார் என்றாலும் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் வாடகைக் கம்பெனி தண்டத்தோடு தன் கூலியையும் சேர்த்து உங்கள் அட்டையில் கழிக்கும்.

அடுத்தது தரிப்பிடம். வீட்டு வாசல் என்று நினைத்து விடுகிற இடம் பல தெருக்களில் அங்கு குடியிருப்பவர்களின் அனுமதி உள்ள கார்களுக்கு மட்டும். பிள்ளையிடம் விருந்தினர் அனுமதி கேட்டு வாங்குங்கள். இரட்டை மஞ்சள் கோட்டில் எந்த நேரமும் நிறுத்தக்கூடாது. ஒற்றைக் கோடு என்றால் பக்கத்துப் பலகையில் இருக்கும் நேரத்தைப் படியுங்கள். சிவப்புக் கோடு இன்னும் கடுமை. ஹைகேற் முருகன் கோயிலுக்குக் காரில் போய் இடம் தேடி அலைவதை விட, நோர்தேர்ண் சுரங்க ரயில் பாதையில் ஹைகேற் நிலையத்தில் இறங்கி நடப்பது எவ்வளவோ மேல்.

இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு அங்கு 12 மாதம் வரை கார் ஓடலாம், ஓட்டமும் இடது பக்கம்தான். ஆனால் காரின் காப்புறுதியில் உங்கள் பெயர் இல்லாமல் சாவியைத் தொடாதீர்கள்.

ரிக்கற் எடுக்க வரும்போது பிள்ளையின் கார் நம்பரை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். கடைக் கணினியில் நாங்களே பார்த்துச் சொல்கிறோம். அதற்குக் காசு இல்லை.

இங்ஙனம்,
உங்கள் பயண முகவர்,
கஸ்தூரியார் வீதி, யாழ்ப்பாணம்