டண்டீயிலிருந்து சரசுவுக்கு

டண்டீ,
ஸ்காட்லாந்து.

அன்புள்ள சரசு,

நாங்கள் எல்லோரும் நலம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் மருமகள் சொன்னதும்தான் எனக்கு மூச்சே வந்தது. ட்யூஷன் பிள்ளைகளின் பேப்பரையெல்லாம் இப்போதைக்குத் தொடாதே. இங்கே மகளுக்கு இந்த மாதமும் நைட் டூட்டி. மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, இனி வருஷா வருஷம் காண்ட்ராக்ட் கவலை இல்லை. நான் குளிர் குறைந்த நாட்களில் டே ஆற்றங்கரையில் நடக்கிறேன்.

சரி, உன் கோபத்துக்கு வருகிறேன். வீடியோ காலில் பேத்தி காட்டிய காமிக்ஸைப் பார்த்துவிட்டு, ‘ஹெச்.எம்.மாக இருந்து ரிட்டயர் ஆனவள் கேட்கிறேன், வாத்தியாரைக் கேலி பண்ணுகிற புத்தகத்தையா காசு கொடுத்து வாங்குகிறாய்?’ என்று எழுதியிருந்தாயே. ஆமாம், வாங்குகிறேன். அவள் படித்து முடித்ததும் நானும் படிக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

அதன் பெயர் ‘பீனோ’. நான் இருக்கும் இதே ஊரில்தான் பிறந்தது. டி.சி. தாம்சன் என்ற பதிப்பகம் 1938 ஜூலை 30 தேதியிட்டு முதல் இதழைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தின வருஷமே ‘டேண்டி’ என்று இன்னொன்றைத் தொடங்கியிருந்தார்கள். போர்க்காலத்தில் காகிதத் தட்டுப்பாடு வந்தபோது ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது என்று மாற்றி மாற்றி அச்சடித்தார்கள். 1950-ல் பீனோ வாரத்துக்குக் கிட்டத்தட்ட 20 லட்சம் பிரதி விற்றது. டேண்டியின் அச்சுப் பதிப்பு 2012-ல், அதன் 75-வது பிறந்தநாள் அன்றே நின்றுபோனது. பீனோ இன்னும் வாரா வாரம் வருகிறது, 2019-ல் 4000-வது இதழையும் தாண்டிவிட்டது.

முதல் இதழின் அட்டையில் இருந்தது ஒரு தீக்கோழி. பிறகு 1948-ல் அந்த இடத்துக்கு ஒரு கரடி வந்தது. 1974-ல்தான் அட்டை டென்னிஸ் என்ற குறும்புப் பையன் கைக்குப் போனது. கறுப்பும் சிவப்பும் பட்டை போட்ட ஸ்வெட்டர், சிலிர்த்துக்கொண்டு நிற்கும் கறுப்பு முடி, முழங்கால் தெரியும் அரை டிராயர். வீடியோவில் நீ பார்த்தது அவனைத்தான். டென்னிஸ் முதலில் வந்தது 1951 மார்ச்சில், டேவிட் லா என்பவர் வரைந்தது. அதே மாதம் அமெரிக்காவில் ஒரு செய்தித்தாள் சித்திரத்தொடரில் இதே பெயரில் இன்னொரு பையன் வந்தான்; ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்ததில்லை, தற்செயல்தான். ஆனால் அந்த அமெரிக்கப் பையன் நல்லது செய்யப் போய் வம்பில் மாட்டுகிறவன். நம்ம டென்னிஸ் வம்பு செய்வதற்காகவே காலையில் எழுந்திருக்கிறவன். எனக்கு இவனைத்தான் பிடிக்கும்.

அவனுடைய நாய் நாஷர் 1968-ல் வந்தது. நாயை எப்படி வரைவது என்று லா யோசித்தபோது, ‘டென்னிஸின் தலைமுடியை வரை, நாலு மூலையிலும் ஒரு கால் வை, ஒரு பக்கம் ரெண்டு கண்ணை வை’ என்று அலுவலகத்தில் யோசனை சொன்னார்களாம். நீயும் ஒரு தாளில் அப்படியே வரைந்து பாரேன், நாஷர் வந்துவிடும். பல்லைச் சேர்க்க மட்டும் மறக்காதே.

இன்னும் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும், இருவரும் 1953-ல் வந்தவர்கள். மின்னி என்ற பெண்ணுக்குச் சண்டை என்றால் சர்க்கரை. டென்னிஸைப் போலவே பட்டை ஸ்வெட்டர், தலையில் ஒரு குல்லா. பையன்களையெல்லாம் ஓட ஓட விரட்டுவாள். பெண்பிள்ளை இப்படி இருக்கலாமா என்று அந்தக் கதைகள் யோசிப்பதே இல்லை. 1953-ல் இதை எழுதினார்கள் என்பதை நினைத்துப் பார். இன்னொருவன் ரோஜர். அடிதடியெல்லாம் அவனுக்கு வேண்டாம், வேலை செய்யாமல் தப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கென்று தந்திரங்கள் எழுதிய புத்தகங்களை அடுக்கி வைத்திருப்பான். புல் வெட்டச் சொன்னால் புத்தகத்தைப் புரட்டுவான். கடைசியில் அந்தத் தந்திரமே திரும்பி அவனை அடிக்கும், முதலில் சொன்ன வேலையைப் போல இரண்டு மடங்கு அவன் தலையில் விழும். நீ பயப்படுகிறாயே, இந்தப் பிள்ளைகள் நினைத்ததைச் சாதித்துவிட்டுப் போவதே அபூர்வம்.

சரசு, சத்தம் போடுகிறவன், சண்டைக்கு நிற்கிறவள், நழுவுகிறவன். நம் வகுப்பில் இந்த மூன்று பேரும் இல்லாத வருஷம் உண்டா? ஒருவன் உள்ளே வந்ததுமே அவன் என்ன செய்வான் என்று தெரிந்துவிடுகிறது. எப்படிச் செய்யப்போகிறான் என்பதற்காகத்தான் பக்கத்தைத் திருப்புகிறோம். அதனால்தான் அதே பிள்ளைகளை, வயதே ஏறாமல், எழுபது வருஷமாக ஓட்ட முடிகிறது.

உன்னைக் கோபப்படுத்தியது அதில் வரும் பேஷ் ஸ்ட்ரீட் பள்ளிக்கூடக் கதை என்று நினைக்கிறேன். லியோ பேக்ஸன்டேல் என்ற ஓவியர் 1954-ல் தொடங்கியது. ஆரம்ப காலத்துப் படம் ஒன்று இங்கே என் மேஜையில் இருக்கிறது, பழைய இதழ்களைத் தொகுத்த புத்தகத்தில். மணி அடிக்கிறது, பிள்ளைகள் வெளியே பாய்கிறார்கள். ஒரே பெரிய படம். மூலைக்கு மூலை ஒரு கதை. ஒருவன் சுவரேறுகிறான், ஒருவன் இன்னொருவன் காலை வாருகிறான், சம்பந்தமே இல்லாமல் ஒரு பூனை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பார்க்கப் பார்க்கப் புதிதாக ஒன்று கிடைக்கிறது. பிறகுதான் குறிப்பிட்ட சில பிள்ளைகள் நிலைத்தார்கள்: தலைவன் டேனி, ஒன்றும் விளங்காத ஸ்மிஃபி, ஸ்வெட்டர் கழுத்தை மூக்குவரை இழுத்துவிட்டிருக்கும் வில்ஃப்ரிட், இரட்டையர் சிட்னியும் டூட்ஸும். வாத்தியாருக்குப் பெயரே கிடையாது, வெறும் டீச்சர். தலையில் பழங்காலச் சதுரத் தொப்பி.

1962-ல் பேக்ஸன்டேல் விலகியதும் டேவிட் சதர்லாந்து எடுத்துக்கொண்டார். 2023-ல் இறக்கும்வரை அந்த வகுப்பை அவர்தான் வரைந்தார். அறுபது வருஷம், சரசு! நடுவே டென்னிஸையும் பல வருஷம் வரைந்தார். ஆனால் வரைந்தவர் பெயரை அச்சிடும் வழக்கமே அங்கே ரொம்பக் காலம் கிடையாது. தான் படைத்த பாத்திரங்களின் உரிமை கேட்டு பேக்ஸன்டேல் கோர்ட்டுக்குப் போய், வருஷக்கணக்கில் இழுத்து, 1987-ல் சமரசமாக முடிந்தது. நாடே கூப்பிட்ட பெயர்களைப் படைத்தவர்கள் பெயர் தெரியாமல் இருந்தது எனக்கு ஆறவே இல்லை.

இப்போது உன் கேள்விக்கு நேராக வருகிறேன். பழைய கதைகள் பெரும்பாலும் இரண்டு விதமாக முடியும். ஒன்று, அப்பா செருப்பைக் கழற்றி டென்னிஸை மடியில் குப்புறப் போட்டு அடிப்பார். இன்னொன்று சாப்பாடு: உருளைக்கிழங்கு மசியல் மலைபோல் குவிந்திருக்கும், அதில் சாஸேஜ்கள் குத்தி நிற்கும். அந்தக் காலத்தில் இங்கே ரேஷன். மிட்டாய் ரேஷன் 1953-லும் கறி ரேஷன் 1954-லும்தான் முடிந்தது. அந்த மலை அன்றைய பிள்ளையின் கனவு. செருப்படியை 1980-களில் எடுத்துவிட்டார்கள். இங்கே அரசுப் பள்ளிகளில் அடி தடை செய்யப்பட்டது 1987-ல், நம் ஊரில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தோடு. அடி போனதும் சுவாரஸ்யம் போய்விடும் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. அடியில் முடிக்க வழியில்லை என்றதும் எழுதுகிறவர்கள் மூளையைக் கசக்கியாக வேண்டும், முடிவும் வாரா வாரம் வேறாகிறது.

வால்ட்டர் என்று ஒரு பையன். பூ பிடிக்கும், சத்தம் பிடிக்காது. ‘மென்மையானவன்’ என்பதற்காகவே டென்னிஸ் அவனைப் பல வருஷம் துரத்தினான். பழைய இதழ்களில் அதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, வால்ட்டர் மாதிரி நம்மிடம் படித்த பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். இப்போது அவனை மேயர் வீட்டுப் பிள்ளையாக, பணத்திமிரும் சூழ்ச்சியும் உள்ளவனாக மாற்றிவிட்டார்கள். டென்னிஸ் மோதுவது இப்போது தன்னைவிடப் பலசாலியோடு. பேஷ் ஸ்ட்ரீட் வகுப்பில் ஒருவனை உடம்பை வைத்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 2021-ல் அதை மாற்றி ஃப்ரெடி ஆக்கினார்கள். அதே வருஷம் ஹர்ஷா சந்திரா, மந்திரா ஷர்மா என்று நம் பக்கத்துப் பெயருள்ள பிள்ளைகளும் வகுப்பில் சேர்ந்தார்கள். பேத்தி அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

சின்னவர்கள் பெரியவர்களைப் பார்த்துச் சிரிப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்த டீச்சர் நாள் முழுக்க அதிகாரம் வைத்திருப்பவர், அவரால் தாங்க முடியும். எளியவனைப் பார்த்துச் சிரித்தால் மட்டும்தான் நான் புத்தகத்தைப் பிடுங்குவேன். இவர்கள் அதைத் தாங்களே கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறார்கள். பேத்தி தன் டீச்சரை எவ்வளவு நேசிக்கிறாள் தெரியுமா? பிறந்தநாள் கேக்கில் முதல் துண்டு அவருக்குத்தான் போனது.

டண்டீ கடைவீதியில் டேண்டியின் நாயகன் டெஸ்பரேட் டேனுக்கு ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது, ஆஜானுபாகுவான ஆள். அவருக்குப் பின்னால் சின்னதாக மின்னி, அவரைக் குறிபார்த்துக்கொண்டு. ஊரே அதற்குப் பெருமைப்படுகிறது. நீ வரும்போது இருவரும் மின்னி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வோம்.

ஜனவரியில் மாப்பிள்ளையின் தம்பி பாளையங்கோட்டை வருகிறான், அவனிடம் சில இதழ்கள் கொடுத்து அனுப்புகிறேன். உன் பேரன் படிக்கட்டும், அவனுக்கு யாரைப் பிடித்தது என்று அவன் கையாலேயே எழுதச் சொல். என் பேத்தி ரோஜர் கட்சி. அவள் அம்மா மின்னி கட்சி. வீட்டில் தினமும் இதே வழக்குத்தான்.

உன் அன்புள்ள,
கோமதி